பிளக்கில் தெரிந்த நீலக் கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நடந்தது இது. அப்போது நான் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்தேன். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் ‘டிங்’ என்று கேட்கும். விரிசல் இருந்தால் ‘டொக்’. சந்தேகம் வந்தால் மை தடவித் துடைப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் மை தங்கிக் கோடாகக் காட்டிவிடும்.

அந்த வருஷம் எங்கள் உழவு மாடுகளில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்வதென்று என் கணவர் அதைக் கொடுத்துவிட்டு, நல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன உழவு மெஷினை வாங்கி வந்துவிட்டார். யாரோ வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டு வந்ததாம். அந்த மாதிரி இன்னொன்றை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

“மாட்டக் குடுத்து இரும்ப வாங்கியாந்தியே, வைக்கோல் போட்டியாப்பா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

திட்டக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். துருவைச் சுரண்டினோம். மண்ணைக் கிளறும் கத்திகளைப் பட்டறையில் அடித்து வாங்கினோம். எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து என் கணவரின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நாற்றங்காலில் கத்திரி நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளில் உழுது நடாவிட்டால் அத்தனையும் வீண்.

பாகங்களை மண்ணெண்ணெயில் துடைத்துக் கொடுப்பது என் வேலை. முதல் நாளே, பழக்கதோஷத்தில், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைச் சுண்டினேன். ‘டொக்’ என்றது. மெக்கானிக்கின் பையிலிருந்த மோட்டார் சைக்கிள் பிளக்கைச் சுண்டினேன். ‘டிங்’. ஆனால் சொல்லவில்லை. எட்டாவது படித்தவள் மெஷினைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன். கழற்றி வெளியே வைத்துப் பார்த்தபோது பொறி வந்ததால் மெக்கானிக்கும் பிளக்கைச் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் நாள் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, “சிலிண்டரு தேஞ்சிருக்கும், மெட்ராஸுக்கு அனுப்பிக் கடையணுங்க. ஒரு மாசம் ஆவும்” என்றார்.

“ஒரு மாசமா? அதுக்குப் பழைய இரும்புக்காரனயே கூப்புட்டுடலாம்” என்று என் கணவர் நாற்றங்காலைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உள்ளே போய் மகளின் மைப்புட்டியை எடுத்து வந்தேன். பிளக்கில் மையைத் தடவித் துடைத்து மெக்கானிக் முன்னால் நீட்டினேன். வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு நீலக் கோடு.

அவர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடடா, உள்ள மாட்டுனதும் கரண்டு இது வழியா ஓடிடுது! எப்பக்கா பாத்தீங்க?”

“மொத நாளே, சுண்டினப்ப.”

“மொத நாளேவா! என் முதுகு ஒடியறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதாக்கா?” என்று சிரித்தார். நான் பயந்த சிரிப்பு அது இல்லை.

அந்த அளவு பிளக் உள்ளூர்க் கடைகளில் இல்லை. மங்கலம்பேட்டையில் பழைய பம்ப் எஞ்சின் சாமான் விற்பவரிடம் கிடைக்கும் என்றார் மெக்கானிக். “நீயும் வா, சுண்டிப் பாத்து வாங்கலாம்” என்று என் கணவர் என்னையும் பஸ்ஸில் கூட்டிப் போனார். கடைக்காரர் எடுத்து வைத்த மூன்றில் இரண்டைத் தள்ளினேன்.

மறுநாள் காலை இரண்டாவது இழுப்பிலேயே எஞ்சின் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் ஓடி வந்து, “என்னம்மா, வைக்கோல் தின்னுடுச்சா?” என்றார்.

அன்றே உழுது நட்டோம். கடைசி இரண்டு பாத்தி நாற்று மட்டும் முற்றிப்போய்ப் பிடிக்கவில்லை. நான் பேசாமல் இருந்த மூன்று நாளுக்கு விலை அது. இப்போதும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் எங்கேயாவது ‘டொக்’ என்று கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.