மாவிளக்குக்கு வாங்கிய நெய்

போன வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பவர்லூம் ஓட்டுகிற குடும்பம் நாங்கள். அன்று தறியை நிறுத்திவிட்டு, பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழித்து நெய் விட்டு, பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றுவோம். விளக்கு மலையேறியதும் மிச்ச நெய்யோடு மாவைப் பிசைந்து அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுப்போம்.

நெய்யை முந்தின வாரம் திருப்பதிக்குப் போனபோது ஒரு கடையில் வாங்கியிருந்தேன். டப்பா மேல் பெரிய பசுமாடு, கீழே ‘சுத்தமான நெய்’ என்று கொட்டை எழுத்து. திறந்தால் வாசனை ஆளைத் தூக்கியது. நல்ல சரக்கு கிடைத்தது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

முதலில் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஆசையாக இன்னொரு கை கேட்டு வாங்கித் தின்றாள். சாயங்காலமே வாந்தி ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டிலும் வயிற்றைப் பிரட்டியது, ஆனால் அவள் துவண்டே போனாள். புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை. என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டதும் வீட்டுக்கு ஓடினேன்.

டப்பாவை ஈரக் கையோடு திருப்பினேன். விலை ஸ்டிக்கர் கழன்று வந்தது. அதற்கடியில் எறும்பு மாதிரி எழுத்து: விளக்கேற்ற மட்டும், உண்பதற்கு அல்ல. ஒரு கர்ப்பிணிக்கு என் கையாலேயே இதை ஊட்டியிருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை டப்பாவோடு, எங்கள் மாவட்ட ஆபீஸ் இருக்கிற சித்தூர் போனேன். கடை திருப்பதியில் இருப்பதால் அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் திருப்பதி. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். விளக்கு நெய் உணவே இல்லையே அம்மா, எங்கள் சட்டத்தில் எப்படி வரும் என்று தெலுங்கில் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், மாவிளக்க ஏத்திட்டு குப்பைலயா போடுவோம்? திரி எரிஞ்ச எடத்தக்கூட உடாம துன்னுவோம்.”

அவர் டப்பாவை வாங்கி அந்த வரியைப் படித்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சாப்பிடுவோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

கடையில் அரிசி மாவு, வெல்லம், அந்த நெய் மூன்றும் ஒரே தட்டில். மேலே ‘மாவிளக்கு சாமான்’ என்று அட்டை வேறு. அதிகாரி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து உரித்தார். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் அதே வரியின் மேல். தெரியாமல் ஒட்டிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். தவறுதலாம்! பிறகு என்னைப் பார்த்து, சாமிக்கு ஏற்றுகிற நெய்யை நீங்கள் தின்றால் நான் என்ன செய்வேன் என்றார். நான் எதையாவது தூக்கி எறிந்துவிடுவேனோ என்று அதிகாரியே என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதிரி எடுத்து சீல் வைத்தார்கள், மிச்சத்தைப் பறிமுதல் செய்து நோட்டீஸ் கொடுத்தார்கள். கேஸ் இன்னும் நடக்கிறதாம். கடையும்தான் நடக்கிறது.

இந்தப் புரட்டாசியில் வெண்ணெய் வாங்கி நானே காய்ச்சினேன். மாவிளக்குத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இடுப்பில் குழந்தையோடு வந்தவள் கையை நீட்டினாள், பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“தப்பா நெனச்சிக்காதக்கா. இது இன்னா நெய்யி?”

சொன்னேன். வாங்கித் தின்றாள். அவள் மேல் எனக்குத் துளி வருத்தமில்லை. ஆனால் பெருமாள் பிரசாதத்தை அப்படிக் கேட்டு வாங்கும்படி செய்துவிட்டானே, அந்த ஸ்டிக்கரை ஒட்டினவனை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.