சாப்பிடவில்லை என்று சொன்னவள்

எனக்கு எட்டு வயதில் அம்மாவும் அப்பாவும் விவாகரத்து வாங்கினார்கள். எண்பதுகளில் அந்தச் சொல்லே எங்கள் தெருவுக்குப் புதிது. நான் அம்மாவோடு திண்டிவனத்தில்; அப்பா விழுப்புரத்தில் தனியாக. ஞாயிறு காலை அவர் வந்து என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போவார். நாலு மணிக்குள் கொண்டுவந்து தெருமுனையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

அன்றைக்கு அவரே கறிக்குழம்பு வைப்பார். உப்பு ஒரு வாரம் தூக்கல், ஒரு வாரம் சுத்தமாக இருக்காது. ஆனாலும் வயிறு முட்டத் தின்பேன். திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றால் அவித்த வேர்க்கடலை வேறு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. வீட்டில் அம்மா மத்தியானச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.

“சாப்டியாடி?”

“இல்லம்மா.”

அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காகவே வாராவாரம் சொன்னேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு இரண்டு தடவை கிடைத்தது.

அந்தப் பொய் கோர்ட்டுக்குப் போகும் என்று யார் கண்டது? அங்கே பிள்ளைக்கு ஒருவேளைச் சோறுகூடப் போடுவதில்லை, இனிமேல் அனுப்ப முடியாது என்று அம்மா வக்கீல் வைத்து மனு போட்டுவிட்டாள். அவள் என்னை நம்பித்தான் போட்டாள்.

ஜட்ஜ் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அப்பா சோறு போடுறாராம்மா?”

அம்மா, சொல்லு என்பதுபோலத் தலையாட்டினாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

“போடுவாரு. கறிக்கொழம்பு வெப்பாரு. நான்தான் அம்மாகிட்ட இல்லன்னு சொன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

“அம்மா சாப்புடாம உக்காந்துகினு இருப்பாங்க. அதான்.”

மனு தள்ளுபடியானது. அப்பாவுக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சின. வீடு வரும்வரை அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோனாள். இரண்டு அடி போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு நான் திரும்பியபோது அவள் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாப்டியா என்று கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தேன்.

“பசிக்குதும்மா.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்ச் சோறு போட்டு எடுத்துவந்தாள், ஒரே ஒரு கரண்டி.