ரத்தம் தேடித் தந்த அக்கா

எழுபதுகளின் பின்பாதியில் ஈப்போவில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் எனக்கு வேலை கிடைத்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த டாக்டர்கள், கல்லீரல் புற்றுநோயில் ஆள் செத்த வீடுகளைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். தோட்டத்து ஆட்களிடம் தமிழில் விளக்கிச் சொல்லிக் கையை நீட்ட வைப்பது என் வேலை.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் குழுவின் தமிழ் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம்.

"நல்லதாப் போச்சு. சீனக் கம்பத்து ஜனங்ககிட்ட பேச ஆள் கிடைச்சாச்சு."

"எனக்குச் சீனம் தெரியாது டாக்டர். தமிழும் மலாயும்தான்."

அவர் என் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பம் ஒன்று என்னைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தது. பெண்பிள்ளைகள் அதிகமாகிப்போன சீன வீடுகளிலிருந்து தமிழர்கள் பிள்ளை எடுப்பது எங்கள் பக்கம் அதிசயம் இல்லை. எங்கள் லயத்து வீடுகளிலேயே என்னைப் போல் இன்னொருத்தி இருந்தாள்.

குழுவில் வேலை செய்கிறவர்களும் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், மறந்தும் போனேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கும் அந்தக் கிருமி இருக்கும்மா."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கும். பல வருஷம் ஒண்ணும் தெரியாது. சில பேருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா நீ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டிக்கிட்டே இருக்கணும்."

அடுத்த வாரம் அம்மா, அப்பா, அண்ணன் மூவரின் ரத்தமும் எடுத்தார்கள். யாருக்கும் இல்லை. அப்படியானால் எனக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"பெத்தவங்ககிட்டேருந்து வந்திருக்கும். பிள்ளை பொறக்கும்போதே தொத்திக்குதுன்னு நாங்க இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டு வாரோம்."

அதுவரை பெற்றவளை நான் நினைத்ததே இல்லை என்றால் அது பொய். ஈப்போ பசாரில் காய் விற்கும் சீனக் கிழவிகளின் முகத்தை நின்று பார்ப்பேன். இவளாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றும், பிறகு கங்கோங் கீரையை வாங்கிக்கொண்டு நடந்துவிடுவேன். அன்றைக்குப் பிறகு அப்படி நடக்க முடியவில்லை. அவளுக்கும் இந்த நோய் இருக்கும், அவளை யாராவது பார்க்கிறார்களா என்பதே நினைப்பாக இருந்தது.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சில நாள் ஓட்டினேன். அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. ஒரே மங்குல சாப்பிடலாமான்னு கேட்டேன். தாராளமா சாப்பிடலாம்னாங்க." அன்று என் மங்குத் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்: "உன்னைப் பெத்தவங்க ஆயர் தாவார் பக்கம் போயிட்டாங்கன்னு கேள்வி. வா, போலாம்."

கிளம்பும் நாளில் என்னை உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தடவி, இழுத்துப் பின்னி, மல்லிகை வைத்துவிட்டாள். எனக்கு அப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"அவ பாக்கட்டும். நல்லாத்தான் வச்சிருக்கேன்னு தெரியட்டும்."

ஈப்போவில் பஸ் மாறினோம். வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. ஆயர் தாவார் கோப்பிக் கடையில் அம்மா மலாயில் விசாரித்தாள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பலகை வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் முள்ளங்கியை நறுக்கி வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நிமிர்ந்தபோது என் நெற்றியும் என் தாடையும் அவளிடம் இருந்தன.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"தோட்டத்து அக்காவா?" என்று மலாயில் கேட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். பூவைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். "உன்னைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டு வந்தது நான்தான். அம்மாவால முடியல, அழுதுக்கிட்டே பின்னால நடந்து வந்தாங்க."

பெற்றவள் எங்கே என்று கேட்டேன்.

"மாக் சுடா தாடா," என்றாள். அம்மா இல்லை. போன வருஷம் வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி, மூன்று மாதத்தில் போய்விட்டாளாம்.

எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தைகளைக் கேட்டு டாக்டருக்குச் சொன்னவள் நான். அன்று என்னை வளர்த்தவள்தான் அழுதாள். அக்கா உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பெற்றவளின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அம்மாவின் அடையாள அட்டையில் மட்டும் ஒன்று இருந்தது, இறந்த பிறகு அதை அரசாங்கத்தில் ஒப்படைத்துவிட்டார்களாம்.

கிளம்புவதற்கு முன் என் ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்து நீட்டினாள்.

"நான் எடுக்க மாட்டேன். டாக்டர் வருவாங்க," என்றேன்.

டாக்டரம்மாவும் ஊசி போடும் மிஸ்ஸியும் போய் எடுத்தார்கள். அக்காவுக்கும் இருந்தது, எங்களோடு கூடப் பிறந்த அண்ணன் ஒருவருக்கும் இருந்தது. அண்ணனின் கல்லீரலில் அப்போதே கட்டி. அவரை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முதலில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்குப் பேச நேரம் அதிகம் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே என்னைக் கட்டிக்கொண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தானும் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து தேதி குறிக்கச் சொன்னார். எண்பதுகளின் பின்பாதியில் மகன் பிறந்தபோது தடுப்பூசி வந்திருந்தது. பிறந்த அன்றே இரண்டு தொடையிலும் ஊசி. ஒரு வயதில் அவன் ரத்தத்தைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அம்மா அவனை மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். இந்த ஊசி பெற்றவளின் காலத்தில் இருந்திருந்தால் நாங்கள் மூவரும் எப்படி இருந்திருப்போம் என்று நினைத்தேன். அதைப் போய்ச் சொல்ல அவள் இல்லையே என்றும் நினைத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அக்கா ஆயர் தாவாரிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நம்பருக்குக் காத்திருப்போம். நாங்கள் அக்கா தங்கையாக இருந்தது பெரும்பாலும் அந்த பெஞ்சில்தான். ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்பேன். உயரமா? உயரம்தான். கோபம் வருமா? வரும், சீக்கிரம் போயிடும். போகப் போகக் கேள்விகள் தீர்ந்துவந்தன.

ஒருமுறை, அம்மா பாடுவார்களா என்று கேட்டேன்.

"பாட்டுத் தெரியாது. பால்மரம் வெட்டும்போது வாய்க்குள்ளயே என்னமோ இழுத்துக்கிட்டிருப்பாங்க."

"எப்படி?"

அக்கா கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தாள். எங்கள் வரிசையில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் மெதுவாக இழுத்துக் காட்டினாள். இன்னொரு தடவை என்றேன். அவள் மறுபடி தொடங்குவதற்குள் மிஸ்ஸி அவள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.