தூங்காத லேப்டாப்

கிளியனூர் கலைச்செல்வி இன்று காலை திண்டிவனத்தில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். கையில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுத வேண்டிய வேலைத் தேர்வு.

"கரண்ட் போனா தூங்கிடுதுங்க. அப்புறம் எழுந்துக்கவே மாட்டேங்குது. ஒரே பேஜாரு."

பேட்டரியில் ஓடும்போது தூங்காதபடி செட்டிங்கை மாற்றினேன். சார்ஜரைப் பிடுங்கி அரை மணி நேரம் பார்த்தோம். தூங்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று மணிக்கு போன் வந்தது.

"நடுவுல கரண்ட் போயிடுச்சுங்க. லேப்டாப் தூங்கல. வைஃபை பெட்டிதான் அணைஞ்சிடுச்சு. போன்ல நெட் போட்டுக்கினு உள்ள போறதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சு."

"மறுபடி எழுத வுடுவாங்களா?"

"மாட்டாங்களாம். வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது."

வைஃபை பெட்டியைப் பற்றிக் காலையில் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.