கொழுந்து மலையில் ஓடக் கூடாது

இன்று காலை பசறை ரோட்டில் ஒரு பையன் என்னைத் தாண்டி ஓடினான்.

என் வாயில் தானாக வந்தது: "யாருக்கு என்னடா ஆச்சு?"

அவன் நின்று காதிலிருந்து எதையோ பிடுங்கினான். "ஒன்னுமில்ல அங்கிள். ஜாகிங்."

அவன் போய்விட்டான். என் படபடப்பு போக இரண்டாவது பிளேன்டீ தேவைப்பட்டது.

காரணம் இருக்கிறது. எழுபதுகளில், நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எனக்குப் பதினைந்து வயது. கங்காணியின் குடைக்குள் தவளை விட்டவன் என்பதுதான் அப்போது என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ்.

அக்கா நிறைமாதம். அத்தானுக்குக் கொழும்பில் வேலை. பகலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆள் இருக்காது, அம்மா உட்பட எல்லோரும் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். வலி வந்தால் மருத்துவச்சி அம்மாவைக் கூட்டிவர ஓட வேண்டியவன் நான். அவர் இருக்கும் டிஸ்பென்சரிக்கு மலை இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏற வேண்டும்.

அக்காவின் முதல் பிள்ளை தங்கவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிடப் போன ஆள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. வீட்டில் அதைப் பேசுவதில்லை. அக்கா மட்டும் என் காலைப் பார்த்தபடி கேட்டாள்: "ஓடிருவியாடா?"

"பறந்துருவேன்."

அன்று மாலை ரகசியமாக ஓடிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே மூச்சு என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டது.

மறுநாள் கொழுந்து மலை வழியாக மறுபடி ஓடினேன்.

பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். ஒருத்தி தலையில் கைவைத்து அழத் தொடங்கினாள். (தோட்டத்தில் ஒருவன் ஓடி வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது விழுந்திருக்க வேண்டும். சும்மா ஓடுகிறவனை அவர்கள் பார்த்ததே இல்லை.)

கங்காணி குறுக்கே வந்தார். "எவன்டா செத்தது?"

"யாரும் சாகலங்க. ஓடிப் பழகுறேங்க."

"ஒன் பழக்கம்தான் தெரியுமே. ஆளுக நிக்கிற எடத்துல நடந்து போ. ஓடுன, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால காலைக் கழிச்சிருவேன்."

அதனால் ஆள் தெரிந்தால் நடந்தேன், மறைந்ததும் ஓடினேன். நடக்கும்போது திரும்பி வந்த மூச்சு அடுத்த வளைவுவரை தாங்கியது. முதலில் ஒரு வளைவு. பிறகு கோயில் மரம். பிறகு பாலம். நடுவில் நின்றால் காலில் அட்டை ஏறும். (அதுதான் என் கோச்.)

பாலத்துக்கு அப்பாலுள்ள ஏற்றம் மட்டும் அடங்கவில்லை. இங்கே அக்காவுக்கு வயிறு இறங்கிவிட்டதாகப் பக்கத்துக் காம்பரா வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு தூறல் பகலில் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

அவளைத் தனியே விட்டுவிட்டு ஓடினேன்.

கொழுந்து மலையில் கத்திச் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"கழுதை, இன்னைக்கும் பழகுது," என்று யாரோ சிரித்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் கங்காணியின் குரல்: "அட, ஆளுகளப் பாத்தும் அவன் நடக்கலடி. நெசமாத்தான் ஓடுறான். அக்காக்காரிக்குத்தான். கூடையைப் போட்டுட்டு லயத்துக்குப் போங்க."

பாலம் தாண்டி ஏற்றத்தில் குட்டிக் குட்டி அடியாக வைத்தேன். நிற்கவில்லை. டிஸ்பென்சரி வாசலில் பேச்சு வராமல் கையை மட்டும் மலைப்பக்கம் நீட்டினேன். மருத்துவச்சி அம்மா பையை எடுத்துவிட்டார்.

தோட்ட லொறியில் அவருடன் திரும்பினேன். எங்கள் வாசலில் கூட்டம், கங்காணியும் நின்றார். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வெந்நீர் வைத்திருந்தார்கள். உள்ளே அம்மா அக்காவைப் பிடித்திருந்தாள். மருத்துவச்சி அம்மா நுழைந்து கதவைச் சாத்தினார். நான் படியில் விழுந்து கிடந்தேன்.

வெந்நீர்ப் பானை இரண்டு முறை உள்ளே போய் வந்தது.

பிறகு பிள்ளை வீறிட்டது. "பொம்பளப் புள்ள," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

கங்காணி குனிந்தார். "பய மூச்சு விடுறானா?"

"பொம்பளப் புள்ளையாங்க."

"நான் ஒன்னையக் கேட்டேன்டா."

தூறல் வலுத்தது. மலைக்குத் திரும்பக் குடையை எடுத்தவர், விரிக்கும் முன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறினார்.