சிங்கப்பூரிலேயே மலேசியாவுக்குள் நுழைந்துவிட்ட மாமனார்

பிள்ளைகளே, "ஒரு தண்டவாளத்துக்குப் போய் ரெண்டு நாடும் ஏம்ப்பா சண்டை போட்டுச்சு?" என்று போன வாரம் கேட்டீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் அந்தத் தண்டவாளத்தில் ஓடிய வண்டிக்கு நான் கார்ட். பச்சைக்கொடி என் கையில்தான் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலேசியாவும் சிங்கப்பூரும் புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடுகள். கொஞ்ச காலம் ஒன்றாக இருந்து பிரிந்தன. பிரிந்த பிறகும் சிங்கப்பூர் நகரத்துக்குள் போகும் ரயில் பாதையும் கடைசி ஸ்டேஷனும் நம் மலேசிய ரயில்வே கையில் இருந்தன. அந்த நிலம் யாருக்கு, பாஸ்போர்ட்டை எங்கே பார்ப்பது என்று வருஷக்கணக்காக வழக்கு. ஒரு கட்டத்தில் சிங்கப்பூர் தன் சோதனையை எல்லை ஓரம், உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. நம் பாஸ்போர்ட் அதிகாரிகள் நகரத்துப் பழைய ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து சோதித்தார்கள். அதனால் ரயிலில் கே.எல்., அதாவது கோலாலம்பூர், வருகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைவார், அப்புறம்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்.

அந்த ஏற்பாடு வந்த புதிதில்தான் எனக்குக் கல்யாணம். கே.எல். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் காலை முகூர்த்தம். பெண் வீட்டார் சிங்கப்பூர்க்காரர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவர்கள் ஏறிய காலை வண்டிக்கு நானே கார்ட். "தாலி கட்டுற வரைக்கும் பொண்ணு மூஞ்சியப் பாக்கக்கூடாதுடா" என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் கடைசிப் பெட்டியை விட்டு நகரவில்லை.

உட்லண்ட்ஸில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி, சோதனை முடிந்து, திரும்பி ஏறினார்கள். ஒருவர் மட்டும் முதலிலிருந்தே இறங்கவில்லை. துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய என் மாமனார், ஜன்னலோரம் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிங்கப்பூர் அதிகாரி ஒரு தமிழ்ப் பையன். "அங்கிள், எறங்குங்க லா. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

"நான் மலேசியா வந்து ஒரு மணி நேரம் ஆச்சு தம்பி. உங்க ஆபீசர்கிட்ட எனக்கென்ன வேலை?"

விஷயம் தெரிந்து நான் ஓடினேன். "மாமா, நீங்க எறங்கலைன்னா வண்டிய விட மாட்டாங்க."

"மாப்பிள்ளைன்னா அதிகாரம் பண்ணுவியா? தாலி கட்டிட்டு வா, பேசலாம்!"

பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி ஒப்புக்கொள்ளாமல் நான் கொடி காட்ட முடியாது. அவரை விட்டுவிட்டுப் போனால் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லை. ரெண்டு அரசாங்கமும் தீர்க்காத வழக்கை நான் எங்கே தீர்ப்பது?

அப்போதுதான் உங்கள் அம்மா பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தாள். தலை குனிந்தபடியே இருந்தாள்.

"அப்பா, மலேசியாவுக்குள்ள வந்தாச்சு, சரி. இத்தன வருஷம் சோறு போட்ட ஊரு இது. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லாம கெளம்புவீங்களா?"

மாமனார் குடையை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். பிறகு எழுந்து, பாஸ்போர்ட்டோடு இறங்கினார். சோதனை முடிந்ததும் அதிகாரியைப் பார்த்து, "போயிட்டு வரேன் தம்பி" என்றார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க அங்கிள்."

உங்கள் அம்மா என் பக்கம் திரும்பி, "கார்ட் சார், கொடி" என்றாள். என் அம்மா சொன்னதை மீறி அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். பச்சைக்கொடியை அத்தனை உயரமாக நான் தூக்கியதே இல்லை. முகூர்த்தம் தப்பவில்லை.

பல வருஷம் கழித்து ரெண்டு நாடும் பேசி முடித்துக்கொண்டன. அந்த ஸ்டேஷனை மூடினார்கள், தண்டவாளத்தைக் கழற்றினார்கள். ஆனால் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் உங்கள் அம்மா பாஸ்போர்ட் கவுன்டரில் "போயிட்டு வரேன்" என்கிறாள். சீன ஆபீசரோ மலாய் ஆபீசரோ, அவளுக்கு எல்லோரும் ஒன்றுதான். வரிசையில் நின்று நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.