வெறும் வயிற்று எலிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அயனித் திரவம் புகட்டிக்கொண்டிருந்தேன். உப்பு வகைதான், ஆனால் சாதாரணச் சூட்டிலேயே எண்ணெய்போல நிற்கும் கரைப்பான். ஆவியாகாது, அதனால் விஷமும் இருக்காது என்று அதைத் தயாரித்த பேராசிரியர் சாதித்தார்.

புகட்டுவதற்கு முந்தின நாளிலிருந்தே எலிகளைப் பட்டினி போட வேண்டும். மூன்று முறை செய்தும், அதிகம் குடித்தவை தெம்பாக ஓடின. குறைவாகக் குடித்தவை சுருண்டு செத்துக் கிடந்தன. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மண்டை காய்ந்தது.

நான்காம் முறை விடிந்ததும் போய்விட்டேன். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி, அதிக அளவு புகட்ட வேண்டிய கூண்டில் மட்டும் பொரிகடலை போட்டுக்கொண்டிருந்தார்.

“சாவப் போற உசுரு சார். வெறும் வயித்தோடயா அனுப்பச் சொல்லுதீய?”

வயிறு நிறைந்திருந்தால் விஷம் மெதுவாகத்தான் ஏறும் என்று கத்தினேன். அவர் ஒரு கூண்டுக்குக் காட்டிய இரக்கத்தால் மற்ற கூண்டு எலிகளெல்லாம் வீணாகச் செத்தன, சோதனையைத் திரும்பச் செய்ய இன்னும் பல எலிகள் சாகப்போகின்றன என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“நான் செஞ்சது தப்புதான் சார்” என்றார்.

மறுவாரம் போனால், எல்லாக் கூண்டிலும் பொரிகடலை.